பழைய கிடாரின் குறையும் விரல்களின் மீது விழும் பழியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிடார் கற்கத் தொடங்குவோர் பிறர் பயன்படுத்திய எலெக்ட்ரிக் கிடாரை வாங்கவே கூடாது, அது வீண் செலவில்தான் முடியும் என்று வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைத் தங்கள் நாளிதழில் படித்தேன். அவருடைய மனக்கசப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் சொல்லும் முடிவை ஏற்க முடியவில்லை. பல ஆண்டுகளாகக் கிடார் கற்றுக்கொடுத்து வரும் எனக்கு, மாணவர்கள் தோளில் சுமந்து வரும் பழைய கிடார்களைக் கையில் வாங்கிப் பார்ப்பது அன்றாட வேலை. அவற்றில் பெரும்பாலானவை கெட்டுப்போனவை அல்ல, யாரும் சரிசெய்து வைக்காதவை. இந்த வேறுபாடு தெரியாததால் நல்ல கருவிகள் பரணுக்குப் போகின்றன. அதைவிடப் பெரிய இழப்பு, கருவியில் உள்ள குறையைத் தங்கள் விரல்களின் குறையாக நினைத்துக்கொண்டு பலர் இசையையே விட்டுவிடுவதுதான்.

அண்மையில் என்னிடம் சேர்ந்த மாணவி ஒருவர், நான்கு மாதங்கள் விடாமல் பழகியும் ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் குறுக்காக அழுத்தி வாசிக்கும் பார் கார்டு ஒன்று கூட ஒலிக்கவில்லை என்று கண்கலங்கி, "எனக்கு இது வராது சார்" என்றார். அவருடைய விரல் நுனிகளில் கம்பி பதிந்த தடங்கள் ஆழமாக இருந்தன. உழைப்பில் குறை இல்லை என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை. கிடாரை வாங்கி, அதன் கழுத்துப் பகுதியில் குறுக்காகப் பதித்திருக்கும் ஃபிரெட் என்ற உலோகக் கீற்றுகளில் 12ஆம் ஃபிரெட்டின் மேல் அளவுகோலை நிறுத்திப் பார்த்தபோது, தடித்த கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே 4 மி.மீ. இடைவெளி இருந்தது. அந்த இடத்தில் தடித்த கம்பிக்கு ஏறத்தாழ 2 மி.மீ., மெல்லிய கம்பிக்கு ஒன்றரை மி.மீ. இருந்தால் போதும். அந்தக் கிடாரில் யார் வாசித்திருந்தாலும் கை வலித்திருக்கும்.

காரணம் எளியது. ஆறு கம்பிகளையும் சுருதி சேர்த்து முறுக்கும்போது அவை சேர்ந்து கழுத்துப் பகுதியான நெக்கை ஏறத்தாழ 45 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்கின்றன. அந்த இழுப்பில் மரம் முன்பக்கமாக வளைந்துவிடாமல் எதிர்விசை கொடுப்பதற்காகவே நெக்கின் உள்ளே ட்ரஸ் ராடு என்ற எஃகுத் தண்டு வைக்கப்பட்டிருக்கிறது. பருவநிலை மாற மாற மரம் ஈரத்தை வாங்கியும் விட்டும் அசைந்துகொண்டே இருப்பதால், அந்தத் தண்டை அவ்வப்போது திருத்த வேண்டியது இயல்பு. கிடாரை முழுச் சுருதியில் வைத்துக்கொண்டு, தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்திலுள்ள ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால், 7ஆம் ஃபிரெட்டில் கால் மி.மீ. அளவுக்கு, அதாவது ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு, இடைவெளி தெரிய வேண்டும். அந்த மாணவியின் கிடாரில் நான்கைந்து விசிட்டிங் கார்டுகளை அடுக்கி நுழைத்திருக்கலாம். சரியான அளவுள்ள ஆலன் கீயால் வலஞ்சுழியாக ஒரு கால் சுற்று மட்டும் திருப்பி, சுருதியை மீண்டும் சேர்த்து, அளந்து, அடுத்த கால் சுற்றை மறுநாளுக்கு விட்டேன். பிறகு, கிடாரின் உடலில் கம்பிகள் வந்து சேரும் பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சாடில்களைச் சற்றே இறக்கினேன். மூன்றாம் நாள் அவர் பார் கார்டை அழுத்தியபோது ஆறு கம்பிகளும் தெளிவாக ஒலித்தன. அவர் முகத்தை நான் மறக்கமாட்டேன். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: ராடு திரும்ப மறுத்தால் முரட்டுத்தனமாக முறுக்கக் கூடாது, அது உள்ளே முறிந்தால் நெக்கே பயனற்றதாகிவிடக்கூடும்.

கடிதம் எழுதிய வாசகரைப் போல நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான். நான் முதன்முதலில் வாங்கிய பழைய கிடாரின் உடல் கீறல் இன்றிப் பளபளத்தது. அந்த மினுக்கத்தில் மயங்கி வேறெதையும் பார்க்கவில்லை. விற்றவரும் எதையும் சொல்லவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான், பலகை நேராக இருக்கிறதா என்று தச்சர் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடித் தலைப்பகுதியிலிருந்து நெக்கின் நீளத்தை நோக்கினேன். ஒரு விளிம்பு நேராகவும் மறு விளிம்பு முறுக்கிக்கொண்டும் போனது. சாதாரண ட்ரஸ் ராடு முன்னும் பின்னும் உள்ள வளைவைத்தான் திருத்தும், முறுக்கத்தைத் திருத்தாது. ஆகவே விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் முதலில் நெக்கைப் பார்க்க வேண்டும். அடுத்து, நெக்கின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டையான நட்டுக்குப் பின்னால் தலைப்பகுதி தொடங்கும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஃபிரெட்டுகளில் கம்பி அரித்த பள்ளங்கள் ஆழமாக இல்லாதவரை அவற்றைச் சமன்செய்து மெருகேற்றிவிடலாம். எல்லா ஃபிரெட்டுகளையும் மாற்ற வேண்டிய நிலை என்றால், அந்த வேலைக்கான கூலி கிடாரின் விலையையே தாண்டிவிடக்கூடும். புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயரை ஒட்டிய போலிகளும் உண்டு. தலையில் உள்ள பெயருக்காக யாரும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

மாறாக, பலரும் அஞ்சி ஒதுக்கும் "சத்தமே வரவில்லை" என்ற குறைதான் பெரும்பாலும் மிகச் சிறியது. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றித் தலைமுடி அளவே தடிமனான செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருள். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் கலைந்து, அந்தச் சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றுகிறது. அதற்குப் பிறகு இருப்பவை இரண்டு மூன்று குமிழ்கள், ஒரு சுவிட்ச், கேபிளைச் செருகும் ஒரு ஜாக், அவற்றை இணைக்கும் சில ஒயர்கள், அவ்வளவுதான். நான் இரண்டாவதாக வாங்கிய கிடாரை, ஒலியே இல்லாத கட்டை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஜாக் பொருத்திய தகட்டின் திருகாணிகளைக் கழற்றி இழுத்தபோது, கறுத்து மங்கிய ஈயப் பற்றிலிருந்து விடுபட்டு ஒரு வெள்ளை ஒயர் தனியே தொங்கியது. அதன் நுனியைச் சுரண்டிச் சுத்தம்செய்து, சால்டரிங் அயர்னால் மறுபடி பற்றவைக்கப் பத்து நிமிடம் கூட ஆகவில்லை. இன்றும் அதில்தான் வாசிக்கிறேன். பிக்கப் உயிரோடு இருக்கிறதா என்பதை, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரே சொல்லிவிடும்: ஒற்றைச் சுருள் பிக்கப் ஏறத்தாழ 6 கிலோ ஓம், இரட்டைச் சுருள் உள்ள ஹம்பக்கர் ஏறத்தாழ 8 கிலோ ஓம் காட்டும், எந்த எண்ணும் காட்டாவிட்டால்தான் சுருள் அறுந்திருக்கும். குமிழைத் திருப்பும்போது எழும் கரகரப்புக்குத் தூசியே காரணமாக இருப்பது வழக்கம். அதற்குக் கான்டாக்ட் கிளீனர் தெளித்து இருபது முறை முன்னும் பின்னும் திருப்பினால் போதும்.

இவ்வளவு எளிதாகச் சரிசெய்ய முடிவது தற்செயல் அன்று. 1950-களின் தொடக்கத்தில் திட மர உடல் கொண்ட எலெக்ட்ரிக் கிடாரைப் பெருமளவில் விற்பனைக்குக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர், வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்துத் தொழில் கற்றவர். அவருடைய கிடார்களில் நெக், பசையால் ஒட்டப்படாமல் நான்கு திருகாணிகளால் பூட்டப்பட்டிருந்தது. பழுதானால் கழற்றி மாற்றிவிடலாம். இன்று விற்கப்படும் விலை குறைந்த கிடார்களில் மிகப் பல அந்த அமைப்பையே பின்பற்றுகின்றன. திருப்புளி பிடிக்கத் தெரிந்தவரை நம்பி உருவான கருவியைப் பூட்டிய பெட்டிபோல நாம் நடத்துவது முறையாகாது.

வேலையில் இறங்குவோருக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஃபிரெட்டுகளை நுண்ணிய இரும்புக் கம்பளியால் தேய்ப்பதற்கு முன் பிக்கப்புகளை டேப் ஒட்டி மூடிவிட வேண்டும். உதிரும் இரும்புத் துகள்கள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. இரண்டாவது எச்சரிக்கை உயிர் தொடர்பானது. நான் கிடாரைத் திறக்கச் சொல்கிறேனே தவிர, ஆம்ப்ளிஃபயரைத் திறக்கச் சொல்லவில்லை. வால்வு ஆம்ப்ளிஃபயரின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள், மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் சில நூறு வோல்ட்டுகளைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். பழைய ஆம்ப்ளிஃபயரின் பிளக்கில் எர்த் முனை முறிந்திருந்தால், அதை மின்பணியாளரிடம் காட்டாமல் பயன்படுத்தவே கூடாது. கிடாரின் கம்பிகளும் அதே எர்த்துடன் இணைந்திருப்பதால், பழுது ஏற்பட்டால் மின்சாரம் வாசிப்பவரின் கைக்கே வந்து சேரும்.

அந்தக் கடிதத்தை எழுதிய அன்பர், நாள் முழுவதும் சுருதி சேர்த்தாலும் கார்டுகள் அபஸ்வரமாகவே ஒலிக்கின்றன என்று குறிப்பிட்டிருந்தார். அவர் தம் கிடாரை இன்னும் யாருக்கும் கொடுத்துவிடவில்லை என்றால், முதலில் புதிய கம்பிகளை மாட்டி, நெக்கின் வளைவையும் கம்பிகளின் உயரத்தையும் மேலே சொன்னபடி சரிசெய்துவிட்டு, ஒவ்வொரு கம்பியையும் 12ஆம் ஃபிரெட்டின் நேர்மேலே மெல்லத் தொட்டு மீட்டும்போது எழும் ஹார்மோனிக்கையும் அதே ஃபிரெட்டில் அழுத்தி மீட்டும் சுரத்தையும் டியூனரில் ஒப்பிட்டுப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சாடிலை நெக்கிலிருந்து சற்றுப் பின்னே தள்ள வேண்டும். இறங்கியிருந்தால் நெக்கை நோக்கி முன்னே கொண்டுவர வேண்டும். ஆறு கம்பிகளுக்கும் சேர்த்து அரைமணி நேர வேலை அது.

தங்கள் உண்மையுள்ள,
கிடார் ஆசிரியர் ஒருவர்