ஏர்மாட்டை விற்கும் முன்பே

தெசியே, எத்தியோப்பியா

அன்பு மகள் கயலுக்கு,

வறட்சி நிவாரணப் பணியில் நீ சேர்ந்ததில் எனக்கு எவ்வளவு பெருமை என்பதை அம்மா சொல்லியிருப்பாள். ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. "ஆண்டுதோறும் கொடுத்துக்கொண்டே இருந்தால் மக்கள் சோம்பேறியாகிவிட மாட்டார்களா அப்பா?" என்று கேட்டிருக்கிறாய். மாட்டார்கள், கண்ணே. ஏன் என்று சொல்கிறேன்.

1984 பஞ்சத்தை உலகம் பார்த்தது நான் பாடம் நடத்தும் இந்த வோலோ மண்ணில்தான். மழை பொய்த்ததோடு போரும் ராணுவ ஆட்சியும் சேர்ந்து பல லட்சம் உயிர்களைக் கொண்டுபோயின. அதன் பிறகும் ஆண்டுதோறும் அரசு வெளிநாடுகளிடம் கையேந்தும். தானியம் கப்பலேறி வந்து சேர்வதற்குள் பசிக்காலம் பாதி கழிந்திருக்கும். அந்தத் தாமதத்தில்தான் குடும்பங்கள் அழிந்தன. குடியானவன் முதலில் ஆட்டை விற்பான், கடைசியில் ஏர்மாட்டை விற்பான். எல்லோரும் ஒரே நேரத்தில் சந்தைக்கு ஓட்டி வருவதால் மாட்டுக்கு விலை இருக்காது. தானிய விலையோ ஏறிக்கொண்டே போகும். அடுத்த பருவம் நன்றாகப் பெய்தாலும் உழுவதற்கு மாடு ஏது? மாடு வைத்திருப்பவனிடம் நிலத்தை வாரத்துக்கு விட்டு, விளைந்ததைப் பங்கு போட வேண்டியதுதான். ஒரு வறட்சி அவனைப் பல ஆண்டுகளுக்கு ஏழையாக்கிவிடுகிறது. இதில் சோம்பல் எங்கே வந்தது, சொல்.

2005-இல் வழி மாறியது. எந்த வட்டாரங்களில் ஆண்டுதோறும் தானியம் தீர்ந்துபோகிறது என்பது முன்பே தெரியும்போது, ஒவ்வொரு முறையும் அவசரநிலை என்று ஏன் ஓட வேண்டும்? இந்தக் கேள்வியில் பிறந்ததுதான் உற்பத்திப் பாதுகாப்பு வலைத் திட்டம். ஏறத்தாழ 50 லட்சம் பேரோடு தொடங்கி 70, 80 லட்சம் வரை போனது. ஆண்டில் ஆறு மாதம் பணமாகவோ தானியமாகவோ உதவி உண்டு. அதற்கு ஈடாக மலைச்சரிவில் கல்வரப்பு கட்டுவார்கள், குட்டை வெட்டுவார்கள், சாலை போடுவார்கள். மேய்ச்சலை நிறுத்திவைத்த சரிவுகளில் புல் திரும்ப முளைத்ததை என் மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். நம் ஊர் நூறு நாள் வேலைச் சட்டமும் அதே 2005-இல் வந்ததுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. முதியவர்களும் நோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளும் கல் சுமக்க வேண்டியதில்லை. வேலை செய்யாமலே உதவி வரும். கருவுற்ற பெண்களுக்கு வேலையிலிருந்து விலக்கு உண்டு, உதவி நிற்காது. யாருக்குக் கொடுப்பது என்பதைக் கெபெலே என்னும் ஊர் நிர்வாகத்தில் ஊராரே கூடிப் பேசிப் பட்டியலிட வேண்டும். இயலாதவர்களைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்காமல், தொடக்கத்திலேயே விதியில் எழுதிவைத்தார்கள் பார், அதை நான் மதிக்கிறேன்.

2015-இல் பசிபிக் கடல் சூடேறி மழையைக் குலைக்கும் எல் நினோவால் வறட்சி வந்தபோது ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு உணவு உதவி தேவைப்பட்டது. ஆனாலும் 1984 திரும்பவில்லை. சாலைகள் இருந்தன, அரசு தன் கருவூலத்திலிருந்தும் செலவிட்டது, இந்த வலையும் இருந்தது.

குறைகளும் உண்டு. பணம் பல இடங்களில் தாமதமாகிறது. தாமதமானால் பழைய கதைதான். 2020-இல் வடக்கே தொடங்கிய போர் மறு ஆண்டு தெசியே வரை வந்தபோது எந்த வலையும் தாங்கவில்லை. தெற்கே, மாடு மேய்ப்பவர்கள் வாழும் போரானாவில் 2020-இன் இறுதியிலிருந்து ஐந்து மழைப் பருவங்கள் அடுத்தடுத்துப் பொய்த்து, மாடுகள் மந்தை மந்தையாகச் செத்தன. உழவர்களை மனதில் வைத்து வரைந்த திட்டம் இடம்பெயர்ந்து மேய்ப்பவர்களுக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

வாங்குகிறவர் சோம்பேறியா என்ற ஆராய்ச்சியை விட்டுவிடு. உங்கள் ஒன்றியத்தில் பட்டியலை யார் தயாரிக்கிறார்கள், கணவனை இழந்தவர்களும் குத்தகைக்காரர்களும் அதில் இருக்கிறார்களா, ஆட்டை விற்பதற்கு முன் பணம் வருகிறதா பின் வருகிறதா என்று நேரில் போய் விசாரித்து எழுது. அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன் என்று சொல்.

அன்புடன்,
அப்பா