எங்கள் செவலை திருடி அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழின் கால்நடைப் பக்கத்தில் "பாலை அடக்கும் திருட்டு மாட்டுக்கு ஓர் ஆக்சிடோசின் ஊசி போதும்" என்று ஒரு வரி. இருபத்தாறு வருஷமாகப் பால் கறக்கிறேன். திருடுகிற மாட்டை இன்னும் பார்த்ததில்லை.

உங்களுக்குத் தெரியாததா? கன்று முட்டினாலோ, வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவினாலோ சேதி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதே ஆக்சிடோசின் என்ற ஹார்மோனைத் தானாகவே ரத்தத்தில் விடுகிறது. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷத்தில் மடிக்குள் இருக்கும் நுண்ணிய தசைகள் இறுகிப் பால் இறங்கும். அந்த வேகம் ஐந்தாறு நிமிஷம்தான், அதற்குள் கறந்துவிட வேண்டும். மாடு மிரண்டால் அட்ரினலின் ஏறி எல்லாவற்றையும் தடுத்துவிடும். மகன் வெளியூர் போன அன்று புது ஆள் வந்து அதட்டியதில் எங்கள் செவலை அரை லிட்டர்கூடத் தரவில்லை. மறுநாள் நான் தவிட்டு வாளியோடு போனேன். வாளிச் சத்தத்துக்கே காம்பில் சொட்டியது.

ஊசிக்குப் பழகிய மாட்டையும் பார்த்திருக்கிறேன். சந்தையில் வாங்கி வந்தது, மூன்று நாள் சுரக்கவே இல்லை. விற்றவரைப் பிடித்துக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பால் கூட்டுவதற்காக ஊசி போட்டு மாட்டின் உடம்பைக் கெடுப்பது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கட்டுரையில் அதற்கு இடம் போதவில்லை போலிருக்கிறது.

இது முதல் தடவையும் இல்லை. பிராய்லர் கோழியை ஹார்மோன் ஊசி போட்டுப் பெருக்க வைக்கிறார்கள் என்று அட்டையிலேயே போட்டீர்கள். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், தீவனத்தில் கலந்தால் செரித்துப் போய்விடும். ஐயாயிரம் கோழியைத் தினமும் பிடித்து ஊசி குத்தக் கூலி கொடுத்தால் பண்ணைக்காரருக்கு என்ன மிஞ்சும்? கோழி சீக்கிரம் வளர்வது தேர்ந்தெடுத்த இனத்தாலும் தீவனத்தாலும்தான். அப்போது நான் எழுதிய கடிதம் வரவில்லை. தபாலில் தொலைந்திருக்கும், உங்களைச் சொல்லி என்ன.

அதற்கும் முன்னால், பருவத்துக்கு வராத மாட்டுக்குப் புரோஸ்டாகிளான்டின் ஊசி என்று எழுதினீர்களே. சினை பார்க்காமல் போடக் கூடாது என்ற ஒரே ஒரு வரி விட்டுப்போயிருந்தது. சினையைத் தாங்குவது சூலகத்தில் இருக்கும் மஞ்சள் திரள் சுரக்கும் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன். ஊசி அந்தத் திரளையே கரைத்துவிடும். பக்கத்துத் தோட்டத்து அக்கா உங்கள் இதழை எடுத்துக்கொண்டு போய்க் காட்டித்தான் ஊசி போட வைத்தார். நாலு மாதச் சினை கலைந்துபோனது.

மறுப்பு போடச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்தவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் பொங்கல் இதழோடு ஒரு சினை அட்டவணை கொடுத்தீர்கள், 21 நாள் பருவக் கணக்கும் கன்று போடும் தேதியும் இருந்தது. கொட்டகைக் கதவில் ஒட்டியிருந்தேன், கிடேரி பாதியைத் தின்றுவிட்டது. அதை இன்னொரு தடவை, கொஞ்சம் கெட்டித் தாளில் கொடுத்தால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருத்தி,
கோபிசெட்டிபாளையம் வட்டம்