மாதம் பிறக்குமுன் பணி அட்டவணை: முத்தரப்புப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மனிதவள அமைச்சு, தேசிய தொழிற்சங்கக் காங்கிரஸ், சிங்கப்பூர் தேசிய முதலாளிகள் சம்மேளனம் ஆகிய மூன்று தரப்பிலும் பொறுப்பு வகிக்கும் பெருமக்களுக்கு வணக்கம்.

தீவின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு சரக்குக் கிடங்கில், சுழற்சி முறையில் வேலை செய்பவர்களுக்கு நான் மேற்பார்வையாளராக இருக்கிறேன். யார் காலையில் வருவது, யார் இரவில் வருவது, யாருக்கு எந்த நாள் ஓய்வு என்று அட்டவணை போடுவதும் என் பணிகளுள் ஒன்று. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகும் பெரியவர்களின் நட்பைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன். நட்பு அவரவர் சொந்த விஷயம், அதில் அமைச்சுக்கும் சங்கத்துக்கும் முதலாளிகளுக்கும் என்ன வேலை என்று உங்களுக்குத் தோன்றலாம். சுழற்சி முறையில் வேலை செய்யும் ஒருவரின் நட்புகள் நிலைப்பதும் தேய்வதும், அவருடைய பணி அட்டவணை எப்போது கைக்கு வருகிறது என்பதைப் பெரிதும் சார்ந்திருக்கின்றன என்பதால்தான் இது உங்கள் மேசைக்கு வரவேண்டிய விஷயம் என்கிறேன்.

கொள்கை ஆய்வுக் கழகம் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட ஓர் ஆய்வு, கருத்துரைத்தவர்களின் நெருங்கிய நண்பர்களின் சராசரி எண்ணிக்கை 2018இல் 10.67ஆக இருந்தது என்றும், 2024இல் அது 6.49ஆகக் குறைந்துவிட்டது என்றும் தெரிவித்தது. அந்த ஆய்வின் மையப்பொருள் இன, சமய நல்லிணக்கம். குறைவுக்கு வேலைநேரமே காரணம் என்று அதை வைத்துச் சொல்வது நேர்மையாகாது. ஆனால், இடையில் வந்த ஆறு ஆண்டுகளில் நண்பர்கள் குறைந்திருக்கிறார்கள் என்பதை அட்டவணை போடும் எங்களைப் போன்றவர்கள் எண்களில்லாமலே பார்த்திருக்கிறோம்.

அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து செலவிட வேண்டியிருக்கிறது. பள்ளியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் தேசிய சேவையிலும் இந்த மணிநேரங்கள் கேட்காமலே கிடைத்தன. ஒரே முகாமில் தங்கி, ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே சாப்பாட்டைக் குறைசொல்லிக்கொண்டு கழிந்த இரண்டு ஆண்டுகளில், யாரும் யாரையும் சந்திக்க நாள் குறிக்கவில்லை. வேலைக்குப் போன பிறகு ஒவ்வொரு மணிநேரத்தையும் இரண்டு பேர் பேசி ஒத்துக்கொண்டுதான் பெற வேண்டியிருக்கிறது. அப்படி ஒத்துக்கொள்வதற்கு, அடுத்த வாரம் தனக்கு எந்த மாலை ஓய்வு என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

என் தொழிற்கல்லூரி நண்பர்களுள் ஒருவர் மருத்துவமனையில் தாதி, ஒருவர் பேருந்து ஓட்டுநர், ஒருவர் பள்ளி ஆசிரியர், இன்னொருவர் ஐரோப்பிய அலுவலகங்களுக்காக இரவில் கணினிக் கட்டமைப்பைக் கவனிப்பவர். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், அடுத்த வாரத்துக்கான அட்டவணை வெள்ளிக்கிழமை மாலையில்தான் வாட்ஸ்அப்பில் வரும். வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை இரவில் ஒருமுறை மாறும். தேக்காவில் சேர்ந்து சாப்பிடலாம் என்று ஆசிரியர் இரண்டு வாரத்துக்கு முன்பே கேட்பார்; "அட்டவணை வந்ததும் சொல்கிறேன்" என்பதே என் பதிலாக இருக்கும். முதலில் நாளை மாற்றினார்கள். பிறகு எனக்காகக் காத்திருந்தார்கள். அதன்பின், "அவனுக்கு எப்படியும் முடியாது, கேட்டு ஏன் சங்கடப்படுத்த வேண்டும்" என்று பரிவோடு கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். அதில் யாருடைய மனக்கசப்பும் இல்லை. என் கிடங்கில் வேலை செய்பவர்களிடம் பேசிப் பார்த்தால், அவர்களில் பலரும் தம் நண்பர்களை இந்த வழியில்தான் இழந்திருக்கிறார்கள். சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் மிகக் குறைவு. நண்பர்களின் அன்பு குறையாமலே அழைப்புகள் நின்றுபோகின்றன. திருமண வீட்டில் பார்க்கும்போது கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். அடுத்த திருமணம்வரை பேச்சில்லை.

உண்மையான நட்புக்கு அடிக்கடி சந்திப்பு எதற்கு, பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் பார்க்காமலே நண்பர்களாக இருக்கவில்லையா என்று நம் சமூக மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த நட்பு அது. ஆனால் அந்தக் கதையின் மறுபாதியையும் நினைவில் வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். வடக்கிருந்து, அதாவது உண்ணா நோன்பிருந்து உயிர்விடத் துணிந்த சோழன் தன் பக்கத்தில் நண்பனுக்கு ஓர் இடத்தை ஒதுக்கிவைக்கச் சொன்னான். அவன் வருவான் என்று உறுதியாகச் சொல்ல முடிந்ததால்தான் அப்படிச் சொன்னான். பாண்டிய நாட்டிலிருந்து ஆந்தையாரும் வந்து சேர்ந்தார். இன்று ஒருவருக்காக இடம் ஒதுக்கிவைக்க நண்பர்கள் ஆயத்தமாகவே இருக்கிறார்கள். வருவேன் என்று சொல்லும் உறுதி மட்டும் அவரிடம் இல்லை, ஏனென்றால் அது இன்னொருவர் கையில் இருக்கிறது.

இதைச் சரிசெய்யும் விதை நம் சட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது. வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பகுதி, வாரத்துக்கு ஓர் ஓய்வுநாளைக் கட்டாயமாக்குவதோடு, ஒரு மாதத்தின் ஓய்வுநாள்கள் எவை என்பதை அந்த மாதம் தொடங்குமுன் அட்டவணையாகப் போட்டு ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதை எழுதியவர்கள் மனித வாழ்க்கையை நன்கு அறிந்தவர்கள் என்றே நினைக்கிறேன். முன்கூட்டித் தெரியாத ஓய்வில் மனிதர் தூங்கத்தான் முடியும். ஆனால் அந்தப் பகுதி, மாதம் 4,500 வெள்ளி வரை அடிப்படைச் சம்பளம் பெறும் உடலுழைப்புத் தொழிலாளர்களையும், 2,600 வெள்ளி வரை பெறும் மற்ற ஊழியர்களையும் மட்டுமே உள்ளடக்குகிறது. மேலாளர்களும் நிர்வாகிகளும் அதற்கு வெளியே இருக்கிறார்கள். அந்த வரம்பைத் தாண்டிவிட்ட, இரவுப் பணிக்கும் பகல் பணிக்கும் மாறி மாறிச் செல்லும் தாதியருக்கும் தொழில்நுட்பர்களுக்கும் அந்தப் பகுதியின் பாதுகாப்பு இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கும்கூட, வாரத்தின் ஒரு நாள்தான் முன்கூட்டித் தெரிகிறது. மற்ற நாள்களில் காலையா மாலையா என்பது கடைசி நேரம்வரை மாறலாம்.

நட்புக்காக ஓய்வைப் பாதுகாப்பது அரசாங்கத்துக்குப் புதிய எண்ணமும் இல்லை. 2023 ஜனவரி 1 முதல், இல்லப் பணிப்பெண்களுக்கு மாதத்தில் ஓர் ஓய்வுநாளையாவது கட்டாயம் தரவேண்டும், அதற்குப் பணம் கொடுத்து ஈடுசெய்ய முடியாது என்று விதி வந்தது. வேலை செய்யும் வீட்டுக்கு வெளியே அவர்களுக்குத் துணையாக நிற்கும் மனிதர்கள் வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அந்த விதியைப் படித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. சில மணிநேரங்களுக்கு விலை வைக்கக்கூடாது என்று ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் நடந்து பார்த்தால் அதன் பொருள் விளங்கும். புதுக்கோட்டையிலும் தஞ்சாவூரிலும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களாக இருந்து, இங்கே வெவ்வேறு கட்டுமானத் தளங்களில் வேலை செய்யும் ஆண்கள், தொலைபேசியில் நாள் கேட்டு அலையாமலே அங்கே புல்தரையில் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் கடன் கொடுக்கிறார்கள், ஊர்ச் செய்தி சொல்கிறார்கள், நோயுற்றவரை விசாரிக்கிறார்கள். அவர்களுக்கு ஓய்வு குறைவு. ஆனால் எல்லாருக்கும் ஒரே நாள், அதுவும் முன்பே தெரிந்த நாள்.

தேசிய சேவையை முடித்தவர்கள் அவ்வப்போது செல்லவேண்டிய பயிற்சிக்கான அழைப்பும் பல மாதங்களுக்கு முன்பே வருகிறது. முதலாளிகளும் அதற்கேற்ப ஆள் ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். முன்பே தெரிந்தால் திட்டமிட முடியும் என்பதற்கு அதுவே சான்று.

நிறுவனங்களின் தரப்பில் சொல்லப்படும் தடையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அதை ஒவ்வொரு மாதமும் நானே எதிர்கொள்கிறேன். ஆள் பற்றாக்குறை உண்மை. ஒருவர் மருத்துவ விடுப்பு எடுத்தால் இன்னொருவரைக் கூப்பிட்டே ஆகவேண்டும். ஆனால் எங்கள் தொழிலில் வேலை குவியும் காலங்கள் பெரும்பாலும் நாள்காட்டியிலேயே இருக்கின்றன: சீனப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்கள், தீபாவளி, நவம்பர் 11, டிசம்பர் 12 ஆகிய இணைய விற்பனை நாள்கள். யார் நோயுறுவார் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாதே தவிர, ஒரு மாதத்தில் ஏறக்குறைய எத்தனை பேர் வராமல் போவார்கள் என்பது பழைய பதிவேடுகளைப் பார்த்தால் தெரியும். ஆகவே நாங்கள் ஒரு முறையைக் கையாள்கிறோம். மாத அட்டவணையிலேயே ஒவ்வொரு நாளுக்கும் மாற்று ஆள் யார் என்று பெயர் குறித்துவிடுகிறோம். அந்த நாளில் அவர் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குக் கூடுதல் பணமாக ஒரு படியும் உண்டு. மற்ற நாள்களில் அவரை யாரும் கூப்பிடுவதில்லை. நிச்சயமின்மை மறைந்துவிடவில்லை, எல்லார் மேலும் எல்லா நாளும் கிடந்த அது, இன்னாருக்கு இன்ன நாள் என்று பங்கிடப்பட்டிருக்கிறது. ஜோகூர் பாருவிலிருந்து நாள்தோறும் கடற்பாலத்தைக் கடந்து வரும் எங்கள் மலேசிய ஊழியர்கள் இந்த முறையை மற்றவர்களைவிட அதிகம் விரும்புகிறார்கள். ஓய்வுநாளில் திடீரென்று அழைத்தால் அவர்களுக்குப் போக வரவே பாதி நாள் போய்விடும்.

இது சிறிய நிறுவனங்களுக்குக் கடினம் என்பதை ஏற்கிறேன். பத்துப் பேர் மட்டும் வேலை செய்யும் உணவகத்தில் மாற்று ஆளாக நிறுத்த யாரும் இல்லாமல் போகலாம். அவர்களுக்கு இரண்டு வார முன்னறிவிப்பு என்ற அளவிலாவது தொடங்கலாம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். நீங்கள் மூவரும் சேர்ந்து, சுழற்சி முறையில் பணியாற்றும் எல்லா ஊழியர்களுக்கும், சம்பள வரம்பு பாராமல், ஓய்வுநாளோடு வேலைநேரத்தையும் மாதம் பிறக்குமுன் அறிவிக்க வேண்டும் என்று ஒரு முத்தரப்புத் தரநிலையை உருவாக்குங்கள். அறிவித்த பின் மாற்றுவதென்றால் ஊழியரின் சம்மதம் வேண்டும், மாற்றத்துக்கு ஒரு படியும் வேண்டும் என்று அதில் எழுதுங்கள். அலுவலகப் பணியாளர்களை இதிலிருந்து விட்டுவிடவும் வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கு வரும் ஒரு குறுந்தகவல், அட்டவணை மாற்றத்தைப் போலவே ஒரு மாலைப்பொழுதைப் பறித்துவிடுகிறது.

இரண்டாவது கோரிக்கைக்குப் புதிய விதி எதுவும் தேவையில்லை. நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக் கோரிக்கைகளுக்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. தகுதிகாண் காலத்தை முடித்த எந்த ஊழியரும் தம் வேலைநேரத்தையோ வேலையிடத்தையோ மாற்றித் தரும்படி முறைப்படி விண்ணப்பிக்கலாம், முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்துமூலம் பதிலளிக்க வேண்டும். ஆனால் நடைமுறையில் குழந்தையையோ முதிய பெற்றோரையோ கவனிப்பவர்கள்தான் துணிந்து கேட்கிறார்கள். அவர்களுக்கு முன்னுரிமை தருவது சரியே. திருமணமாகாத ஒருவர், "வாரத்தில் ஒரு மாலை எனக்கு நிலையாக வேண்டும், நண்பர்களோடு பூப்பந்து விளையாட" என்று எழுதிக் கொடுக்கக் கூச்சப்படுகிறார். மேலாளர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வார் என்று அஞ்சுகிறார். நெறிமுறைகளோடு நீங்கள் வெளியிடும் விளக்கங்களில், வாரம் ஒரு நிலையான மாலையைக் கேட்பதும் நியாயமான கோரிக்கைதான் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சேர்த்தால்கூட, அந்தப் படிவத்தை நிரப்பும் கைகளுக்குத் துணிவு வரும்.

எங்கள் கிடங்கில் பயன்படுத்தும் மாத அட்டவணைப் படிவத்தையும், மாற்று ஆள் முறை எங்கெங்கே தடுமாறுகிறது என்ற குறிப்புகளையும், ஊழியர்களின் பெயர்களை நீக்கிவிட்டு உங்கள் பார்வைக்கு அனுப்ப ஆயத்தமாக இருக்கிறேன். தொழிற்சங்கத் தரப்பிலிருந்தோ முதலாளிகள் தரப்பிலிருந்தோ யாரேனும் நேரில் வந்து பார்க்க விரும்பினால், எங்கள் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு ஏற்பாடு செய்வேன். அடுத்த மாத அட்டவணையை நாங்கள் போடும் வாரத்தில் வந்தால் முழுவதையும் பார்க்கலாம்.

மரியாதையுடன்,
சுழற்சி முறைப் பணியாளர்களின் மேற்பார்வையாளர் ஒருவர்
சிங்கப்பூர்