மாடிக்கே போகாம மகஜர்ல கையெழுத்து போடுற எங்க தெரு ஆளுங்களுக்கு ஒரு திறந்த மடல்

டீக்கடை அண்ணா, மாவு மில் அக்கா, பிரியாணி கடை பாய், ஆட்டோ ஸ்டாண்ட்ல கேரம் ஆடற தம்பிங்க எல்லாருக்கும் ஜெராக்ஸ் கடை அக்கா எழுதறது.

போன வாரம் ராத்திரி நம்ம தெருவுல ஜீப் வந்து நின்னத எல்லாரும் பாத்தீங்க. மாடி ரூம்ல சோதனை, பேச்சலர் பசங்க, ஏதோ கஞ்சான்னு பேசிக்கிட்டாங்க, அரை மணி கழிச்சு ஒரு ஏட்டு கீழ இறங்கி வந்து பரீட்சை அட்டையில சொருகின பேப்பர, அதான் மகஜர்னு சொல்ற சோதனைப் பட்டியல, நீட்டினாரு, டீக்கடை அண்ணா ஒரு கையில டீ ஆத்தற குவளைய புடிச்சுட்டே இன்னொரு கையால கையெழுத்து போட்டாரு, ஸ்டாண்ட்ல இருந்து ஒரு தம்பியும் போட்டான். ரெண்டு பேரும் மாடிப்படி ஏறவே இல்ல. பேப்பர்ல கீழ் பாதி காலியாதான் இருந்துச்சுக்கான்னு தம்பியே அப்புறம் சிரிச்சுக்கிட்டு சொன்னான். எனக்கு சிரிப்பு வரல.

ஏன்னா 2019ல நானும் இதே மாதிரி போட்டவதான். ஷட்டர் இறக்கற நேரம், "அக்கா ஒரு சாட்சி கையெழுத்து, அவ்ளோதான்"னாங்க, தினம் நம்ம கடையில ஜெராக்ஸ் எடுக்கறவங்க, தெரிஞ்ச மொகம், பைக் சீட் மேல வெச்சு போட்டுட்டு பஸ் புடிக்க ஓடிட்டேன். மறந்தே போச்சு. மூணு வருஷம் கழிச்சு சம்மன் வந்துச்சு. கூண்டுல ஏறி நின்னா எதிர்தரப்பு வக்கீல் கத்தவே இல்ல, மெதுவாதான் கேட்டாரு. பை என்ன கலரும்மா? கட்டிலுக்கு அடியில இருந்துச்சா, பரண் மேலயா? எடை போட்டப்ப நீங்க எங்க நின்னீங்க? நான் மேலயே போகலைங்கன்னு சொல்லிட்டேன், வேற என்ன சொல்றது. உடனே அரசு வக்கீல் என்னை பிறழ் சாட்சி, அதாவது பேச்ச மாத்தின சாட்சின்னு சொல்லிட்டாரு. பிறழ் சாட்சியாம்! கூப்பிட்டு கையெழுத்து வாங்கினதே அவங்க ஆளுங்கதான். கேஸ்ல மாட்டின பையன் பின்னாடி நின்னு என்னையே பாத்துட்டு இருந்தான். அவன் நெஜமாவே தப்பு பண்ணியிருந்தா என்னாலதான் அவன் கேஸ் ஆட்டம் காணுது, பண்ணலைன்னா என் கையெழுத்தாலதான் அவன் இவ்ளோ நாள் உள்ள இருந்தான். ரெண்டுல எதுவா இருந்தாலும் எனக்கு அன்னைக்கு சோறு இறங்கல.

கஞ்சா கேஸ்ல எடைதான் எல்லாமே. 1 கிலோ வரைக்கும்னா அதிகபட்சம் 1 வருஷம். அத தாண்டினா 10 வருஷம் வரைக்கும் போகலாம். 20 கிலோவுக்கு மேலன்னா குறைஞ்சதே 10 வருஷம், பெயில் கிடைக்கறதே குதிரைக் கொம்பு. 900 கிராம்னு எழுதறதுக்கும் 1 கிலோ 100ன்னு எழுதறதுக்கும் நடுவுல ஒரு பையனோட வயசு போகுது, அந்த நம்பர எழுத வேண்டிய எடத்த காலியா விட்டுட்டு நாம கீழ கையெழுத்து போட்டு குடுக்கறோம்.

கோர்ட்டு எதுக்கு இருக்கு, அரசியல் சட்டம் எதுக்கு இருக்குன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன், சம்மன் வந்த பயத்துல உக்காந்து படிச்சேன், கடைக்கு வர்ற ஜூனியர் வக்கீல் பசங்களையும் நச்சரிச்சேன். நம்ம அரசியல் சட்டத்துல போலீஸ் சோதனைக்குன்னு தனியா ஒரு வரி கூட கிடையாது. அமெரிக்காவுல 1791லயே எழுதிட்டாங்க, காரணமில்லாம வீட்ட, ஆள, காகிதத்த சோதனை போடக்கூடாதுன்னு. இங்கயும் 1948 டிசம்பர்ல அரசியல் நிர்ணய சபையில காஜி சையத் கரிமுதீன்னு ஒரு உறுப்பினர் அதே மாதிரி ஒண்ண சேக்க சொன்னாரு, அம்பேத்கர் கூட ஏத்துக்கறேன்னுதான் சொன்னாரு, இது ஏற்கெனவே குற்றவியல் நடைமுறை சட்டத்துல இருக்கு, ஆனாலும் அரசியல் சட்டத்துல இருந்தா நாளைக்கு வர்றவங்க கை வெக்க முடியாதுங்கற மாதிரி. வாக்கெடுப்புல விழுந்துடுச்சு. 1954ல உச்ச நீதிமன்றத்துல 8 நீதிபதிங்க உக்காந்து, அத எழுதாம விட்டுட்டாங்க, நாங்களா இழுத்துட்டு வர முடியாதுன்னுட்டாங்க. அப்புறம் 2017 ஆகஸ்ட்ல புட்டசாமி கேஸ்ல 9 நீதிபதிங்க சேந்து அந்தரங்கமும் அடிப்படை உரிமைதான், 21வது பிரிவுலயே அடங்கியிருக்குன்னு சொன்ன பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சுது.

ஆனா 1973 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் குடுத்த பூரன்மல் தீர்ப்பு அப்படியே நிக்குது. சோதனை முறை தவறி நடந்திருந்தாலும் அதுல சிக்கின பொருள சாட்சியமா எடுத்துக்கலாம், அந்த ஒரு காரணத்துக்காக தூக்கி எறிய வேண்டியதில்லைன்னு. அப்போ மிச்சம் என்ன இருக்கு? அம்பேத்கர் சொன்ன அந்த நடைமுறை சட்டம்தான் இருக்கு. அதுல யார் இருக்கா? நாமதான் இருக்கோம் பாய். சோதனை போடறதுக்கு முன்னாடியே அந்தப் பகுதியில இருக்கற, கேஸுக்கு சம்பந்தமில்லாத, மரியாதையான ரெண்டு பேர கூப்பிடணும், அவங்க கண்ணு முன்னாடிதான் சோதனை நடக்கணும், என்ன எடுத்தாங்க, எந்த எடத்துல இருந்து எடுத்தாங்கன்னு பட்டியல் போட்டு அதுல அவங்க கையெழுத்து. பழைய சட்டத்துல 100வது பிரிவு, 2024 ஜூலை 1ல இருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதான்னு வாயில நுழையாத பேர்ல வந்திருக்கற புதுசுல 103. மரியாதையான ஆளுன்னு சட்டமே நம்மள சொல்லுது, நாம குவளைய புடிச்சுட்டு நிக்கறோம்.

புதுசுல 105னு ஒண்ணு சேத்திருக்காங்க, அது எனக்கு ரொம்ப புடிச்சுது. சோதனை, பட்டியல் போடறது, சாட்சி கையெழுத்து போடறது எல்லாத்தையும் வீடியோ எடுக்கணும், செல்போன்லயே எடுக்கலாம், தாமதிக்காம மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பணும். அப்போ டீக்கடையில போட்ட கையெழுத்துக்கு வீடியோவுல டீக்கடைதான தெரியும்? 185வது பிரிவுப்படி, வாரண்ட் இல்லாம வந்தா ஏன் சோதனை போடறேன்னு காரணத்த முன்னாடியே எழுதி வெக்கணும், அந்தக் குறிப்பு 48 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட்டுக்கு போகணும். வீட்டுக்காரங்கள கூட நிக்க விடணும், பட்டியல்ல ஒரு காப்பி குடுக்கணும். பொம்பளைங்கள சோதனை போடணும்னா இன்னொரு பொம்பளைதான் போடணும், மாவு மில் அக்கா இத மனசுல வெச்சுக்கோங்க.

போலீஸ பகைச்சுட்டு தெருவுல கடை வெக்க முடியுமான்னு கேக்கறீங்க. முடியாது, எனக்கும் தெரியும். மாட்டேன்னு சொல்லுங்கன்னு நான் சொல்லவே இல்ல, எழுத்து மூலமா ஆர்டர் குடுத்து கூப்பிட்டா தக்க காரணமில்லாம வராம இருக்கறதே குத்தம்னு அதே 103ல இருக்கு. அதனால நல்ல புள்ளையா "வர்றேன் சார், மேல வந்து பாத்துட்டு போடறேன்"னு சொல்லுங்க. படி ஏறுங்க. பைய தொறக்கறத பாருங்க, தராசுல என்ன நம்பர் வருதுன்னு பாருங்க, காலி எடம் இருந்தா கோடு போட்டுட்டு கையெழுத்துக்கு பக்கத்துல தேதியும் நேரமும் எழுதுங்க. ஒழுங்கா வேலை பாக்கற இன்ஸ்பெக்டருக்கு இதுல ஒரு கஷ்டமும் இல்ல, மூணு வருஷம் கழிச்சு கூண்டுல அவர் கேஸ் நிக்கும். முறைக்கறவர் முறைக்கட்டும், டீக்கு காசு குடுக்காம போறதுல புதுசா ஒண்ணும் ஆகிடாது, என்ன அண்ணா.

103, 105, 185 மூணையும் தமிழ்ல டைப் பண்ணி ஒரே பக்கத்துல எடுத்து வெச்சிருக்கேன், ரெண்டு பக்கமும் லேமினேஷன். ஸ்டாண்டுக்கு ஒண்ணு, டீக்கடைக்கு ஒண்ணு, பாய் கடைக்கு ஒண்ணு. காசு வேணாம். ஞாயித்துக்கிழமை மட்டும் மதியத்துக்கு மேல வராதீங்க, கடை லீவு.

இப்படிக்கு,
2019ல பைக் சீட் மேல வெச்சு கையெழுத்து போட்ட ஜெராக்ஸ் கடை அக்கா,
வடசென்னை