சேதுச் சாலைச் சத்திரங்களில் சிமெண்ட் வேண்டாம்

மதிப்பிற்குரிய தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் சத்திரம் நிர்வாக அலுவலர்களுக்கும் வணக்கம்.

தஞ்சையிலிருந்து ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாகக் கடற்கரையில் இறங்கி ராமேசுவரம் போனவர்களுக்காக மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்களைப் பற்றியது இம்மடல். சேதுபாவாசத்திரம் என்ற கடலோர ஊருக்குப் பெயரே சத்திரத்தால் வந்தது. ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம் 1802-இல் எழுந்தது.

இத்தகைய சத்திரங்களில் என்ன நடந்தது என்பதை, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம் விவரமாகச் சொல்கிறது. எந்தச் சாதி, எந்தச் சமயமானாலும் சோறு. சமைத்ததை உண்ணாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும். நள்ளிரவில் மணியடித்து, பசியோடு இருப்பவர்களைக் கூவி அழைத்துப் போடுவார்கள். நோயாளிக்கு வைத்தியர், பிள்ளை பெற்றவளுக்குப் பராமரிப்பு, இறந்தவருக்கு அவரவர் முறைப்படி அடக்கம். அத்தனை பேர் புழங்கிய இடம் என்பதால்தான் திண்ணையும் முற்றமும் திறந்து கிடக்கின்றன. முற்றத்துக்குக் கூரை போட்டால் சுவர் காயாது. 1914-இல் பாம்பன் பாலம் வந்தபின் யாத்திரிகர்கள் ரயிலேறிவிட்டார்கள். கடலோரச் சாலையில் கூட்டம் வற்றியது.

இனிப் பழுதுபார்க்கும் வேலை. கடலோரச் செங்கல் சுவர் தரையிலிருந்து உப்புநீரை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். உப்பு பூச்சில் பூத்து உதிரும். சிமெண்ட் பூசினால் வழி அடைபட்டு, ஈரம் மேலே ஏறும். உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை மாவாக்கிவிடும். இரண்டு, மூன்று மழைக்குப் பிறகு சிமெண்ட் பாளமாக விழும்போது செங்கல்லின் முகமும் கூடவே வரும். பிளாஸ்டிக் பெயிண்டும் இதே கேட்டைத்தான் செய்யும்.

சிமெண்டைச் சிறு உளியால் தட்டி எடுங்கள், இயந்திரம் வேண்டாம். ஈரக்கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை பழைய பூச்சை நீக்கி, இணைப்புகளை முக்கால் அங்குலம் சுரண்டி, உலர்ந்த தூரிகையால் உப்பைத் துடைத்து, ஒரு கோடை முழுக்கக் காயவிட வேண்டும். பிறகு ஒரு பங்கு கிளிஞ்சல் சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்றுமணல். நீர்த்த சுண்ணாம்பைச் சலித்து, குறைந்தது ஒரு மாதம் நீரடியில் ஊறவிடுங்கள். கொட்டை நீக்கிய கடுக்காயையும் வெல்லத்தையும் பத்து நாள் ஊறவைத்த நீரில் சாந்தை அரைப்பது பழைய வழக்கம். கடல்மணல் கூடவே கூடாது. அங்கே கிணற்றுநீர் பல இடங்களில் கரிக்கும். டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) பார்க்காமல் கலவையில் ஊற்றாதீர்கள். பூசியதும் இரண்டு வாரம் ஈரச்சாக்கு போர்த்த வேண்டும், இல்லையேல் மயிரிழை வெடிப்பு விழும். முதல் பூச்சு உப்பை இழுக்கத்தான்; ஓராண்டு கழித்து உரித்துவிட்டு அடுத்ததைப் பூசவேண்டும். ஒப்பந்தத்தில் இதைத் தனி வேலையாகக் குறிக்காவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள்.

சுவரில் முளைத்த அரச மரக்கன்றையும் ஆல மரக்கன்றையும் பிடித்து இழுக்காதீர்கள். சுவரே கையோடு வரும். அடியில் அறுத்து, வேர் பட்டுப்போனபின் இடுக்கைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்புவதே சரி.

மரக்கட்டைகள்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பால் கட்டிய மேல்தளமான மெட்ராஸ் ஒட்டுத் தளத்தில், மக்கிய கட்டைகளை மட்டும் மாற்றினால் போதும். மேலே மூன்று அங்குலம் சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லியைக் கொட்டி, மரக்கொட்டாப்புளியால் தட்டித் தட்டி இறுக்கவேண்டும். அவசரப்பட்டால் ஒழுகும். கம்பி கட்டிய கான்கிரீட் கடலோர உப்புக்காற்றில் துருப்பிடித்து ஊதி வெடிக்கும்.

தளவேலையைத் தை பிறந்ததும் தொடங்கினால், ஐப்பசி மழைக்குள் இறுகிவிடும்.

இப்படிக்கு,
சுண்ணாம்பு வேலை அறிந்தவர்கள்