கதவு திறந்திருக்க ஆகும் செலவு

வவுனியா

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருந்த பகுதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் சுகம். மாரி மழை தொடங்கியதும் என் முழங்கால் வலி மட்டும் திரும்பிவிட்டது. சைக்கிளை விட்டுவிட்டு இப்போது பஸ்ஸில்தான் திரிகிறேன்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பழைய மாணவர் சங்கத்தின் நிவாரண நிதியில் ஒரு பங்கைச் சூடானுக்கு அனுப்புவதென்று முடிவாகியிருக்கிறது. அதைப் பெரிய சர்வதேச நிறுவனம் ஒன்றிடம் கொடுப்பதா, அங்கேயுள்ள உள்ளூர்த் தொண்டர்களிடம் சேர்ப்பதா என்று குழுவில் இழுபறி என்கிறாய். பொருளாளர் நீ, உன் கையெழுத்து இல்லாமல் காசு போகாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். உள்ளூர் ஆட்களிடமே கொடுங்கள். கொடுக்கும்போது, இவ்வளவும் சாப்பாட்டுக்கு மட்டும்தான் என்று கட்டிவைத்துக் கொடுக்காதீர்கள். அந்த ஆட்கள் உயிரோடிருக்கவும் அவர்கள் கதவு திறந்திருக்கவும் ஆகிற செலவையும் சேர்த்துக் கொடுங்கள். நான் சொல்ல வந்தது இதுதான். மிச்சமெல்லாம் அதற்கான காரணங்கள்.

2023 ஏப்ரல் 15, நோன்பு மாதத்தின் கடைசி நாட்களில், சூடானின் தலைநகர் கார்ட்டூமில் சண்டை தொடங்கியது. ஒரு பக்கம் தளபதி புர்ஹானின் இராணுவம், மறுபக்கம் ஹெமெட்டி என்று அழைக்கப்படும் டகாலோவின் அதிரடி ஆதரவுப் படை என்ற துணை இராணுவம். சில நாட்களிலேயே தூதரகங்கள் தங்கள் ஆட்களை விமானத்திலும் கப்பலிலும் ஏற்றிக்கொண்டு போய்விட்டன. சர்வதேசப் பணியாளர்களும் வெளியேறினார்கள். நகரத்தில் மிஞ்சியவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்ததும், காயப்பட்டவர்களைத் தூக்கிச் சென்றதும், மருந்து தேடி அலைந்ததும் அந்தந்தத் தெருப் பெடியன்களும் பெண்பிள்ளைகளும்தான். 2019இல் ஜனாதிபதி பஷீரின் ஆட்சியை வீழ்த்திய போராட்டத்தில் தெருத்தெருவாக அமைந்த குழுக்கள் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தன. அறுவடைக்கும் வெள்ளத்துக்கும் ஊரே கூடிக் கைகொடுக்கிற நஃபீர் என்ற பழைய வழக்கமும் அந்த மண்ணில் உண்டு. இவை இரண்டிலிருந்தும்தான் அவசரகால உதவி அறைகள் எழுந்தன. பெயரில்தான் அறை. பல இடங்களில் அது ஒரு வீட்டு முற்றம், அல்லது மூடிக்கிடக்கிற பள்ளிக்கூடம்.

அவர்கள் நடத்துகிற பொதுச் சமையல்கூடங்களை அங்கே தக்காயா என்கிறார்கள். ஒரு பெரிய சட்டியில் பருப்போ அவரையோ சோளக் களியோ காய்ச்சி, பாத்திரத்தோடு வரிசையில் நிற்பவர்களுக்கு ஊற்றுவார்கள். பல குடும்பங்களுக்கு அன்றைக்கு அந்த ஒரு வேளைதான். சமையலுக்குக் காசு எப்படி வந்து சேர்கிறது தெரியுமா? வெளிநாட்டிலிருந்து வருகிற தொகை கார்ட்டூம் வங்கியின் கைபேசிச் செயலியில் வந்து விழவேண்டும். தொலைபேசி வலையமைப்பு அறுந்த இடங்களில், செயற்கைக்கோள் இணையம் வைத்திருக்கிறவனிடம் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துத்தான் அந்தச் செயலியைத் திறக்கமுடியும். பிறகு அதைத் தாளாக மாற்றித் தருகிற வியாபாரி தன் கழிவை எடுத்துக்கொள்வான். மிஞ்சியதில் தானியம், விறகு, தண்ணீர் வண்டிக்காரனின் கூலி. கையில் காசு இல்லாத நாட்களில் கடைக்காரனிடம் கடன். இருப்பு என்று சொல்ல எதுவும் கிடையாது. மேலே எங்கோ ஒரு கொடுப்பனவு நின்றால் அடுத்த சில நாட்களிலேயே அடுப்பு அணைந்துவிடும்.

2025 ஜனவரியில் அதுதான் நடந்தது. அமெரிக்காவில் புதிய ஜனாதிபதி பதவியேற்ற 20ஆம் தேதியே வெளிநாட்டு உதவியை நிறுத்திவைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். உலகத்தின் மனிதாபிமான நிதியில் 40 சதவீதத்துக்கும் மேல் அதற்கு முந்திய ஆண்டில் அந்த ஒரு நாட்டிலிருந்து வந்திருந்தது. பெப்ரவரியிலேயே சூடானில் 1,100க்கும் அதிகமான சமையல்கூடங்கள் மூடிவிட்டதாகத் தொண்டர்கள் சொன்னார்கள். ஐந்தில் நான்கு அடுப்பு அணைந்தது என்று கணக்குப் போட்டுக்கொள். உயிர்காக்கும் உதவிக்கு விலக்கு உண்டென்று வாஷிங்டனில் பிறகு சொன்னார்கள்தான். ஆனால் காசை விடுவிக்கிற அலுவலர்களையே வீட்டுக்கு அனுப்பிவிட்டால் விலக்குக் கடிதத்தை வைத்து யார் என்ன செய்வது?

சூடானின் மேற்கே உள்ள எல் ஃபாஷர் நகரத்தின் கதையையும் நீ செய்தியில் பார்த்திருப்பாய். ஒன்றரை வருடம் அதிரடி ஆதரவுப் படையின் முற்றுகையில் கிடந்து 2025 ஒக்டோபர் 26இல் விழுந்த நகரம். கடைசி மாதங்களில் அங்குள்ள சமையல்கூடங்கள் அம்பாஸ் காய்ச்சிக் கொடுத்தன. நிலக்கடலையில் எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சுகிற புண்ணாக்கு அது. நம் வீட்டில் மாட்டுக்கு ஊறவைப்போமே, அதே சாமான். பிறகு அந்தப் புண்ணாக்கும் அருமையாகிவிட்டது. வெளியிலிருந்து லொறிகள் நுழைய முடியாமல் கிடந்த அந்தக் காலத்தில், உள்ளே அடுப்பு மூட்ட ஆள் இருந்தார்கள் என்பதை உங்கள் குழுவில் சொல். எந்தப் பெரிய நிறுவனமும் உள்ளே போகமுடியாத இடத்தில் ஏற்கெனவே இருந்தவர்கள் அவர்கள்.

இது எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்பது உனக்குத் தெரியும். 2008 செப்டம்பரில் நீ வன்னியில் இல்லை, நான் இருந்தேன். ஐ.நா.வும் வெளிநாட்டு அமைப்புகளும் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது சனம் அவர்களுடைய வாசலில் நின்று போகவேண்டாம் என்று கெஞ்சியது. செஞ்சிலுவைச் சங்கத்தைப் போல ஓரிரண்டு அமைப்புகள்தான் தங்கின. பிறகு எங்களைப் போன்ற சின்ன உள்ளூர் நிறுவனங்கள். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று சனம் நகர நகர நாங்களும் நகர்ந்தோம். எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் கணக்குக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் ஏறினார். கூடாரத் துணிக்கும் பால்மாவுக்கும் எங்களிடம் காசு இருந்தது. அதை ஏற்றுகிற உழவு இயந்திரத்துக்கு எண்ணெய் வாங்கக் காசு இல்லை. நிதி தந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் எண்ணெய், வாடகை, சம்பளம் எல்லாம் நிர்வாகச் செலவு. அது ஏழு சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நாங்கள் எழுதிக் கேட்டோம். அடுத்த காலாண்டில் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அந்தக் காலாண்டு முடிந்தபோது வன்னியில் பரிசீலிக்க எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

அதனால்தான் நிர்வாகச் செலவு என்ற பெயரில் இந்தக் காசை ஒதுக்கிவைப்பதை என்னால் பொறுக்கமுடிவதில்லை. உழவு இயந்திரம் ஓடினால்தான் பால்மா பிள்ளையின் வாய்க்குப் போகும். சம்பளம் வந்தால்தான் தாதி மறுநாளும் வேலைக்கு வருவாள். அவளுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பாதுகாப்பும் இதில்தான் அடங்குகிறது. 2006 ஓகஸ்ட் 4ஆம் தேதி மூதூரில் பட்டினிக்கு எதிரான பிரெஞ்சு அமைப்பின் பணியாளர்கள் பதினேழு பேரை அவர்களுடைய அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். பதினாறு தமிழர், ஒரு முஸ்லிம். எல்லோரும் இந்த நாட்டுப் பிள்ளைகள். அமைப்பின் பெயர் போட்ட சட்டை அவர்களைக் காப்பாற்றவில்லை. இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 2024இல் உலகம் முழுவதும் 383 உதவிப் பணியாளர்கள் கொல்லப்பட்டதாக ஐ.நா. சொல்கிறது. அதற்கு முன் எந்த ஆண்டிலும் அவ்வளவு பேர் செத்ததில்லை. சூடானில் மட்டும் அறுபது பேர். கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் தங்கள் சொந்தச் சனத்துக்கு வேலைசெய்த உள்ளூர் ஆட்கள். வெளியிலிருந்து வருகிறவருக்குக் காப்புறுதி, குண்டு துளைக்காத வாகனம், நிலைமை மோசமானால் ஏற்றிப்போக விமானம். தெருக் குழுவில் வேலைசெய்கிற பெடியனுக்கு இதில் ஒன்றும் இல்லை. சூடானில் இராணுவம் நகரைப் பிடித்தால் மற்றவனுக்குச் சோறு போட்டாய் என்று பிடிக்கிறது; மற்றப் படை பிடித்தால் அதே குற்றச்சாட்டு மறுபக்கமாக வருகிறது.

இப்படி ஆபத்தில் இருக்கிற ஒருவருக்கு வேண்டியவை பெரிய தொகைகள் இல்லை. சில மாதங்களுக்கு வேறு ஊரில் வாடகை. குடும்பத்தை எல்லை தாண்டி அனுப்பப் பயணச் செலவு. ஆஸ்பத்திரிச் செலவு, பிடிபட்டால் சட்டத்தரணி. செத்துப்போனால் அந்த வீட்டுக்கு ஏதாவது. மனித உரிமைப் பணியாளர்களுக்கு இப்படிப்பட்ட அவசர உதவி வெகுகாலமாக இருக்கிறது. டப்ளினில் இருக்கும் ஃப்ரண்ட் லைன் டிஃபெண்டர்ஸ் அதைத்தான் செய்கிறது. சட்டி கழுவுகிற தொண்டருக்கும் அதே ஏற்பாடு வேண்டும் என்கிறேன்.

இன்னொன்றை உன் குழுவிடம் மிகவும் வற்புறுத்திச் சொல். பயனாளிகளின் பெயர்ப் பட்டியல், அடையாள எண், முகம் தெரிகிற படம் என்று கேட்காதீர்கள். ரொறன்ரோவில் இருந்து பார்த்தால் அது ஒழுங்கான கணக்கு. சோதனைச் சாவடியில் தொண்டரின் கைபேசியைப் பறித்துப் பார்க்கிறவனுக்கு அது ஆள்பிடிக்கிற பட்டியல். சட்டியைப் படமெடுத்து அனுப்பட்டும், கடைப் பற்றுச்சீட்டை அனுப்பட்டும், எத்தனை பேருக்கு ஊற்றினோம் என்று எண்ணிக்கை சொல்லட்டும். அதற்கு மேல் வேண்டாம். உங்கள் முகநூல் பக்கத்தில் போட ஒரு படம் கிடைக்காமல் போவது பெரிய இழப்பில்லை.

காசு களவுபோகாதா என்று ஒருவர் கேட்பார். கொஞ்சம் போகலாம். யுத்தத்துக்குள் அனுப்புகிற எந்தக் காசிலும் அந்தக் கழிவு உண்டு, பெரிய நிறுவனத்தின் காசிலும் உண்டு. ஆனால் ஒரு தெருவின் சமையல்கூடத்தை நடத்துகிறவர் அந்தத் தெருவிலேயே குடியிருக்கிறார். சட்டி வெறுமையாக இருந்தால் முதலில் கேட்பது பக்கத்து வீட்டுக்காரி. அதைவிட இறுக்கமான கணக்காய்வை நான் கண்டதில்லை.

2016இல் இஸ்தான்புல் மாநாட்டில் பெரிய நாடுகளும் நிறுவனங்களும் ஒரு வாக்குக் கொடுத்தன. 2020க்குள் மனிதாபிமான நிதியில் கால்பங்கு, முடிந்தவரை நேரடியாக, உள்ளூர் அமைப்புகளுக்குப் போகும் என்றார்கள். அந்த ஆண்டு வந்து போய்விட்டது. கால்பங்குக்குக் கிட்டவும் போகவில்லை. விரைவாகக் கொடுக்க வழியே இல்லை என்றும் சொல்லமுடியாது. ஸ்டார்ட் நெட்வொர்க் என்ற கூட்டமைப்பின் நிதியம் எச்சரிக்கை வந்து 72 மணி நேரத்துக்குள் காசை விடுவிப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. சூடானின் உதவி அறைகளுக்கு 2025இல் மனித உரிமைக்காக நோர்வேயில் கொடுக்கிற ராஃப்டோ பரிசு, மாற்று நோபல் எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது என்று வரிசையாகக் கிடைத்தன. அந்த மரியாதை அவர்களுக்குத் தகும். மேடையில் கைதட்டிய அரசாங்கங்கள் கையோடு ஒரு வருடச் செலவையும் கொடுத்திருந்தால் எனக்கு இன்னும் நிறைவாக இருந்திருக்கும்.

எனக்கும் ஒரு கவலை உண்டு, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. அவசர நிதி என்பது மூச்சுத் திணறுகிறவருக்குக் கொடுக்கிற ஒக்சிஜன். ஆறு மாதம் கொடுத்துவிட்டு எடுத்தால் பழைய நிலைதான். ஆகவே முழுத் தொகையையும் ஒரே தடவையில் அனுப்பாதே. பாதியை இப்போது, எதற்கென்று நிபந்தனை போடாமல் அனுப்பு. மற்றப் பாதியில் ஒரு பங்கைத் தொண்டர் பாதுகாப்புக்கென்று தனியாக வை. அவர்கள் கேட்கிற அன்றைக்கே, கூட்டம் கூட்டாமல், நீயும் செயலாளரும் கையெழுத்திட்டு விடுவிக்கலாம் என்று இப்போதே தீர்மானம் எழுதிக்கொள். மிச்சத்தை மாதாமாதம் பிரித்து அனுப்பு. தொண்டர்களுக்கு ஒரு சிறு படி கொடுக்கவும் அதில் இடம் வேண்டும். வருடக்கணக்காகச் சம்பளம் இல்லாமல், தங்கள் வீட்டிலும் பசி இருக்க, ஊருக்குச் சமைக்கிறவர்களிடம் தியாகத்தைப் பற்றி நாம் பேசக்கூடாது.

யார் மூலம் அனுப்புவது என்பதற்கு அங்கேயே ஆட்களை விசாரி. உங்கள் நகரத்தில் சூடானியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் தங்கள் பழைய தெருவின் அடுப்புக்கு இப்போதும் காசு அனுப்புகிறவர்களாகத்தான் இருப்பார்கள். பதிவு இல்லாத தெருக் குழுக்களுக்குக் காசைக் கொண்டுசேர்க்க மியூச்சுவல் எய்ட் சூடான் கூட்டணி என்று ஓர் அமைப்பும் இருக்கிறது. இரண்டு பக்கமும் கேட்டு, உன் வங்கியிடமும் முதலிலேயே பேசிவிடு. சூடான் என்ற பெயரைக் கண்டதும் வங்கிகள் கொடுப்பனவை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கும். அந்தத் தாமதத்தில் ஒரு மாதம் போய்விடக்கூடாது.

கூட்டம் எந்தத் தேதி என்று எழுது. வேண்டுமானால் நானும் தொலைபேசியில் வந்து பேசுகிறேன்; இங்கே அது நடுச்சாமமாக இருந்தாலும் பரவாயில்லை. எங்கள் பழைய ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த ஏழு சதவீதப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புகிறேன், குழுவில் எல்லோருக்கும் காட்டு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி