எல்.கே.ஜி. ‘ஆ’ பிரிவுக்கு இப்போது டீச்சர் இல்லை

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்.கே.ஜி. ‘ஆ’ பிரிவு டீச்சர் போன வெள்ளியோடு நின்றுவிட்டார். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை, நாம் கொடுத்ததைவிட நாலாயிரம் கூட. வீட்டு நிலைமை தெரிந்ததால் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதுவரை ஆறு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நன்றாகப் படித்த பிள்ளைகள்தான், ஆனால் மூன்றரை வயதுக் குழந்தையை வைத்துப் பார்க்க யாருமே பயிற்சி எடுத்ததில்லை. ஆசிரியர் பட்டயப் படிப்பு முடித்த ஒருவரும் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி ஒன்றாம் வகுப்பு, அதற்கு மேல் பாடம் எடுக்கத்தான் நினைக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2019-ல் தமிழ்நாட்டில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள், 2022-ல் அதற்கு எடுத்த தற்காலிக டீச்சர்களுக்கு மாதம் 5,000 ரூபாய். இந்த வேலைக்கு நாம் எல்லாரும் சேர்ந்து போட்டிருக்கிற விலை அவ்வளவுதான், நம் பள்ளியும் அதில் சேர்த்தி.

யாரையாவது உட்காரவைத்தால் என்ன என்று சிலர் கேட்டீர்கள். அந்த வகுப்பில் ஒரு பையன் ஜூன் முழுக்க வாயே திறக்கவில்லை. சட்டை நுனியை விரலில் சுற்ற ஆரம்பித்தால் அவனுக்கு ஒண்ணுக்கு வருகிறது என்று டீச்சருக்குத் தெரியும், சத்தமில்லாமல் போய்க் கையை நீட்டுவார். பேசு பேசு என்று ஒருநாளும் சொன்னதில்லை. புளியங்கொட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது அவனாகவே, “எனக்கு ஒண்ணு குறையுது டீச்சர்” என்றான். பென்சிலைக் கையில் திணித்து நாலு பக்கம் எழுதவைக்கிறவரிடம் அவன் அதைச் சொல்லியிருக்க மாட்டான்.

அதனால் பயிற்சி எடுத்தவர் கிடைக்கும்வரை காலை 11 மணிவரை நானே அந்த வகுப்பில் இருப்பேன். அப்புறம் ‘அ’ பிரிவோடு சேர்ந்து உட்காருவார்கள், ஆயாம்மா கூட இருப்பார். கூட்டம் அதிகம்தான், தெரியும். வீட்டுப்பாடம் கிடையாது, நோட்டு காலியாக இருக்கிறதே என்று குழந்தையைத் திட்டாதீர்கள்.

சம்பளத்தைக் கூட்டுவது பற்றி வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கூடிப் பேசுவோம். அப்பாக்களும் வாருங்கள்.

இன்னொன்று. மாண்டிசோரியோ மழலையர் பயிற்சியோ முடித்துவிட்டு, பிள்ளை பிறந்தபிறகு வீட்டிலேயே இருக்கிற பெண்கள் உங்கள் தெருவில் கண்டிப்பாக இருப்பார்கள். அரைநாள் வந்தால் போதும், சொந்தக் குழந்தையையும் கூட்டி வரட்டும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் நான் பள்ளியில்தான் இருப்பேன், நேராக என்னிடமே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை